குமிழ்ப் பலகையும் முதல் கணக்கும்: கேள்வி பதில்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கணக்குக் கற்பித்துவிட்டு, இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். பாப்-இட் (அழுத்தினால் குழியும் குமிழ்கள் வரிசையாக உள்ள சிலிகோன் பலகை) போன்ற கைவிளையாட்டுப் பொருள்களைக் கொண்டு எண் கற்பிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. பாப்-இட் பலகையை நாள் முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்கிறாள். இதைக் கொண்டு அவளுக்கு எண்ணக் கற்றுத்தர முடியுமா? (ஒரு தாய், கோவை)

முடியும். ஆனால் கற்றுத்தரப் போவது நீங்கள்தான், பலகை அன்று. நாள் முழுவதும் அழுத்துவதால் விரலுக்குப் பயிற்சி கிடைக்குமே தவிர, எண்ணறிவு தானாக வந்துவிடாது.

எண்ணுதல் என்பது ஒரே செயலாக நமக்குத் தோன்றினாலும், குழந்தைக்கு அதில் பல முடிச்சுகள் உண்டு. எண்பெயர்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்; ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று பொருத்த வேண்டும்; கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தம் என்று உணர வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணுதலின் நெறிகளாக வகுத்து எழுதியவர்கள் ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள், ஆண்டு 1978. உங்கள் மகள் ஏழு குமிழ்களை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால், மூன்றாம் முடிச்சு இன்னும் அவிழவில்லை என்று பொருள்.

பலகையின் உண்மையான பயன் இரண்டாம் முடிச்சில் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் பொருள்களை எண்ணும் குழந்தை ஒன்றை இருமுறை தொடும், மற்றொன்றை விட்டுவிடும். இங்கே அழுத்திய குமிழ் குழிந்தே நிற்பதால், எண்ணியது எது, எண்ணாதது எது என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிகிறது. ஒரு விதி மட்டும் வேண்டும்: வாயில் சொல் வந்த பிறகே விரல் அழுத்த வேண்டும். விரல் முந்திக்கொண்டால் பட்டுப் பட்டென்ற ஓசைதான் மிஞ்சும்.

அடுத்து, பலகையைக் கத்தரியுங்கள். கடையில் கிடைக்கும் சதுரப் பலகைகளில் பெரும்பாலும் ஆறு வரிசையும் வரிசைக்கு ஆறு குமிழும், ஆக 36 இருக்கும். ஆறு என்பது நம் எண் முறையில் எதற்கும் உதவாத வரிசை. ஒரு பக்கத்து ஆறு குமிழ்களை நீக்கிவிட்டு, மீதியை இரண்டிரண்டு வரிசைகளாக வெட்டினால், மேலே ஐந்தும் கீழே ஐந்துமாக மூன்று பத்துக் கட்டங்கள் கிடைக்கும். மேல் வரிசை முழுவதும் அழுந்தி, கீழே இரண்டு அழுந்தியிருந்தால் அது ஏழு. சில வாரங்களில் அவள் எண்ணாமலேயே "ஏழு" என்பாள். "ஐந்தும் இரண்டும்" என்று ஏழைப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்குக் கூட்டலில் பாதி வேலை முடிந்தது.

இனி நான் மிகவும் விரும்பும் விளையாட்டு. ஒரு பக்கம் அழுத்திய குமிழ் மறுபக்கம் புடைத்து நிற்கும் அல்லவா? பத்துக் கட்டத்தை உங்கள் இருவருக்கும் நடுவில் திரைபோல நிறுத்திப் பிடியுங்கள். அவள் பக்கம் ஏழு குழிகள் தெரிந்தால் உங்கள் பக்கம் மூன்று குழிகள் தெரியும். "என் பக்கம் எத்தனை குழி?" என்று எட்டிப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். பத்தின் இணைகள் அத்தனையும் இதில் அடங்கிவிடும். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கணக்குப் பெட்டியிலும் இந்த வசதியை நான் கண்டதில்லை.

கேள்வி: எந்த நிறுவனத்தின் பலகையை வாங்கலாம்? (சென்னை)

நிறுவனப் பெயர் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம். பொத்தான் பேட்டரியும் காந்த உருண்டையும் உள்ள எதையும் வாங்க வேண்டாம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும்.

கேள்வி: எங்கள் மையத்தில் இருபது குழந்தைகள். ஆளுக்கொரு பலகை வாங்கப் பணமில்லை. (அங்கன்வாடிப் பணியாளர், விருதுநகர்)

முட்டை அட்டை போதும். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஐந்துக்கு ஆறாகக் குழிகள் இருக்கின்றன. வெட்டினால் அதுவும் மூன்று பத்துக் கட்டங்கள். முட்டை வைத்துப் புழங்கிய அட்டை வேண்டாம், அதைக் கழுவ இயலாது. புதிய அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். குழியில் வைக்க பாட்டில் மூடிகள் போதும். வெட்டிய கட்டங்கள் பத்து இருந்தால் இருவர் இருவராக அமர்த்தலாம், ஆளுக்கொன்று தேவையே இல்லை. ஒருவர் வைக்க மற்றவர் சொல்லும்போதுதான் பேச்சு நடக்கிறது.

கேள்வி: புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருக்கும் நாட்டில் சிலிகோன் பலகை எதற்கு? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் கோபத்தில் பாதியை ஏற்கிறேன். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுச் செல்வது, ஒன்றுக்கொன்று பொருத்தும் பயிற்சியேதான். பல ஊர்களில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று சொல்லி அள்ளுவார்கள். மனிதக் கண் எண்ணாமல் ஒரே பார்வையில் அறியக்கூடிய அளவு ஏறக்குறைய நான்குதான் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கொண்டிருந்தால் பசு கைநழுவிவிடும் என்பதால் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் நான்கை அறியப் பழகிவிடுகிறார்கள். மறு பாதிக்கு என் பதில்: கொட்டை உருளும், சிதறும், தொடக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு எண்ணியது எது என்ற கணக்கு தப்பிப்போகும்.

அதே ஆசிரியர் மீண்டும்: உங்கள் பலகையில் பத்தை எடுத்துக் கட்ட முடியுமா? இடமதிப்பை எப்படிக் கற்பிப்பீர்கள்?

முடியாது ஐயா. இது நல்ல அடி. குமிழைப் பிரித்து நகர்த்த இயலாது; பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுவதைக் கையால் உணர, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதற்கு இணையான வழி எனக்குத் தெரியாது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் மணிகளிலும் இதே கருத்துதான்: தனி மணி, பத்து மணிக் கோல், நூறு மணிச் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம். பலகை இருபது வரைக்கும் நல்ல துணை. அதற்கு மேல் குச்சிக்கட்டு.

கேள்வி: நானும் கலந்துகொள்ளலாமா? கொட்டையை எடுத்துச் சென்றால் பெற்றோர் "பழைய காலத்துப் பள்ளி" என்கிறார்கள். வண்ணப் பலகை என்றால் மகிழ்கிறார்கள். (இளம் ஆசிரியை, ஈரோடு)

பெற்றோர் மகிழ்வது வேறு, பிள்ளை கற்பது வேறு. பீட்டர்சன், மெக்நீல் ஆகிய இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு முன்பே நன்கு தெரிந்த, கண்ணைக் கவரும் பொருள்களைக் கொண்டு எண்ணியபோது சிறு பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறினார்கள். பொருள் ஏற்கெனவே "ஒரு குதிரை" அல்லது "ஒரு விளையாட்டுச் சாமான்" என்று மனத்தில் பதிந்துவிட்டால், அதை "ஒன்று" என்று மட்டும் பார்ப்பது கடினம். ஆகவே டைனோசர் வடிவப் பலகையைக் கணக்குக்குக் கொண்டுவராதீர்கள். ஒரே நிறத்தில் வெட்டிய பத்துக் கட்டத்தைக் கணக்குக்கென்று தனியே எடுத்து வையுங்கள். விளையாட்டுக்கு வேறு பலகை இருக்கட்டும் என்பது என் சொந்த முடிவு. இந்த விதி கொட்டைக்கும் பொருந்தும்: ஐயாவின் புளியங்கொட்டை அழகற்றது, அதுவே அதன் சிறப்பு.

கேள்வி: விலை மலிவாக எந்த நிறுவனப் பலகை கிடைக்கும்?

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: ஸ்பின்னரை (விரல்களுக்கிடையில் வைத்துச் சுழற்றும் விளையாட்டுப் பொருள்) சுழற்றினால் கவனம் கூடுமாமே? கணக்கு நேரத்தில் கொடுக்கலாமா?

வேண்டாம். ஸ்பின்னரைச் சுழற்றியபடி காணொளிப் பாடம் பார்த்த கல்லூரி மாணவர்கள் அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மேலும் அதில் எண்ணுவதற்கு எதுவுமில்லை.

கேள்வி: குமிழை அழுத்தும்போது தமிழில் எண்ணச் சொல்வதா, ஆங்கிலத்திலா? (அயலகத்தில் வாழும் தந்தை)

பத்தைத் தாண்டும்போது தமிழில் சொல்லச் செய்யுங்கள். இதில் மொழிப்பற்றைவிடக் கணக்குக்கே பயன் அதிகம். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று பெயரிலேயே தெரிகிறது. இலெவன், ட்வெல்வ் என்பவற்றில் பத்து ஒளிந்துகொள்கிறது, ஃபோர்ட்டீனில் நான்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒரு முழுக் கட்டத்தையும் அடுத்ததில் மூன்றையும் அழுத்தி, "பத்து, மூன்று, பதின்மூன்று" என்று சொல்ல வையுங்கள். ஆனால் தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த பிள்ளை, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்ற இடத்தில் விழும். ஒன்பதில் "பது" இருக்கிறது, பத்து இல்லை. தொண்ணூற்றில் "நூறு" இருக்கிறது, நூறு இல்லை. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழஞ்சொல் உண்டு என்பது நமக்குச் சுவையான செய்தி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதனால் ஆறுதல் இல்லை. எண்பத்தொன்பதுக்குப் பிறகு அது திகைத்தால் திட்டாமல் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. புளியங்கொட்டையில் தொடங்கலாமா?

கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் கொட்டை, மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் போகும். தண்ணீரில் ஊதிப் பெருகும் வண்ண மணிகளை வீட்டிலேயே வைக்காதீர்கள், வயிற்றுக்குள் சென்றும் அவை பெருகிக் குடலை அடைத்துவிடும். படிக்கட்டில் ஏறும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லிக்கொண்டே ஏறுங்கள், போதும்.

கேள்வி: மகன் ஆட்டிசம் உள்ளவன், குமிழ் ஓசை கேட்டால் காதைப் பொத்துகிறான். என்ன செய்யலாம்?

ஓசை அவனுக்குத் துன்பமென்றால் பலகையை எடுத்துவிடுங்கள். எது அவனுக்கு இதமான தொடுபொருள் என்பதை நேரில் பார்த்து ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர்தான் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சொல்ல வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேளுங்கள். அது என் துறை அன்று.

கேள்வி: சிறந்த நிறுவனம் எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

முட்டை அட்டை.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையை எப்போது நிறுத்துவது? நிறுத்தினால் விரலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். (ஆசிரியை, திருநெல்வேலி)

ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் பலகையை ஒரு துணியால் மூடி, "உள்ளே எட்டு அழுத்தியிருக்கிறேன், இன்னும் எத்தனை மிச்சம்?" என்று கேளுங்கள். தொட முடியாத பலகையை மனத்தில் பார்க்கப் பழகுவார்கள். ஓரிரு வாரம் கழித்துத் துணியை மட்டும் விரித்துவிட்டு, அடியில் பலகையை வைக்காமலே அதே கேள்வியைக் கேளுங்கள். விரலுக்குத் திரும்பினால் தடுக்க வேண்டாம். இரண்டு கைகளும் ஐந்தும் ஐந்துமாக அமைந்த பத்துக் கட்டம்தான்.

கேள்வி: அதே ஆசிரியை: துணியைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார்களே?

பார்க்கட்டும். விடையைச் சொல்லிவிட்டுப் பிறகு தூக்க வேண்டும் என்பது மட்டும் விதி.