ரிசர்வ்ட், அலூஃப், ஸ்டோயிக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. திவசத்தன்று உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அவரைப் பற்றி ஒரு சிறு நூலை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்பா ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார். பல்லாண்டு பழகிய பக்கத்து வீட்டுக்காரரையும் ‘மிஸ்டர்’ சேர்த்துத்தான் அழைப்பார். டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த வீட்டை இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்ததைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை. எங்களைக் கட்டியணைத்ததாகவும் நினைவில்லை. அவரை ‘அலூஃப்’ என்று எழுதினேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் மகன் ‘ஸ்டோயிக்’ என்று போடச் சொல்கிறான். எது சரி?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்காவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அலூஃப் என்பது கடலோடிகளிடமிருந்து வந்த சொல். கப்பலைக் காற்று வீசும் பக்கமாகத் திருப்பி, கரையை அணுகாமல் விலக்கி ஓட்டுவதை அது முதலில் குறித்தது. மனிதரைப் பற்றிச் சொல்லும்போதும் அந்த விலகல் அதில் அப்படியே இருக்கிறது: இவர் வேண்டுமென்றே ஒட்டாமல் நிற்பவர், ஒருவேளை நம்மைத் தமக்குச் சமமாக எண்ணாதவர் என்ற குறிப்பைப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஸ்டாண்டாஃபிஷ் இன்னும் கடுமையானது. நெருங்கிப்போய் மதிக்கப்படாமல் திரும்பியவர் சொல்வது. இத்தகைய சொற்கள் ஒருவரின் இயல்பைக் காட்டுவதைவிட, அவர் முன் நின்றவருக்கு என்ன கிடைக்கவில்லை என்பதையே அதிகம் காட்டுகின்றன. கரும்புத் தோட்டத்து முதலாளி பேசாமலிருந்தால் அவரை ரிசர்வ்ட், மனத்தை வெளிக்காட்டாதவர் என்பார்கள். அவர் முன் நின்ற ஒப்பந்தக் கூலி பேசாமலிருந்தால் அதே மௌனம் சல்லன், அதாவது சிடுமூஞ்சித்தனம், ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பொத்தானும் ‘மிஸ்டரும்’ நடத்தை முறையைச் சேர்ந்தவை. வீட்டைப் பற்றிப் பேசாதது உணர்வை உள்ளே வைத்துக்கொள்வது. முறை தவறாத ஒருவர் மிகுந்த அன்புள்ளவராக இருக்கலாம். சாரமும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் தம் மனத்தில் உள்ளதை ஒருவரிடமும் சொல்லாதவராகவும் இருக்கலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்புகிறது, ஏனெனில் உள்ளத்தைப் பற்றிய அதன் தீர்ப்புகளில் பல உடையிலிருந்து பிறந்தவை. ஸ்டார்ச்சி என்றால் கஞ்சி போட்ட விறைப்பு. ஸ்ட்ரெயிட்லேஸ்ட் என்றால் உள்ளாடையின் நாடாவை இறுக்கிக் கட்டியது. பட்டன்ட்-அப்புக்கு விளக்கமே வேண்டாம். மூன்றிலும் சிறு கேலி உண்டு.

அந்தக் கேலி உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். நேட்டாலில் வெள்ளையர் பெரும்பாலும் நம் ஆண்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ராமசாமி, முனுசாமி என்று முடியும் பெயர்களிலிருந்து ‘சாமி’யைப் பிய்த்தெடுத்து, வாழைப்பழம் விற்றவரையும் மேசை துடைத்தவரையும் அந்த ஒரே பெயரால் கூப்பிட்டார்கள், இல்லாவிட்டால் ‘கூலி’, வயது எதுவானாலும் ‘பாய்’. அப்படிப்பட்ட ஊரில் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் தம் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரை ‘மிஸ்டர்’ என்று அழைத்ததில், வெளியே மறுக்கப்பட்ட மரியாதையை உள்ளே நாமே கொடுத்துக்கொள்வோம் என்ற உறுதி இருந்திருக்கலாம். இதற்கு ஃபார்மல் என்ற எளிய சொல்லே போதும், அந்த ‘மிஸ்டரை’ நீங்கள் பக்கத்திலேயே எழுதினால். டிக்னிஃபைட் வேண்டாம், இரங்கல் குறிப்புகளில் அடிபட்டு அடிபட்டு அது செத்துவிட்டது.

கட்டியணைக்காததற்குத் தனிச்சொல் தேடாதீர்கள். அவர் தலைமுறைத் தமிழ்த் தகப்பன்மாரில் வளர்ந்த பிள்ளையைக் கட்டியணைத்தவர் எத்தனை பேர்? எல்லாரிடமும் இருந்ததை ஒருவரின் குணமாக எழுதினால் படிக்கும் பேரப்பிள்ளை தவறாகப் புரிந்துகொள்ளும்.

ஸ்டோயிக் என்று சொன்ன பிள்ளையின் பாசம் தெரிகிறது. கிறிஸ்துவுக்கு முன் 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவியத் தாழ்வாரத்தில் ஜீனோ பாடம் சொன்னதால், அந்தத் தாழ்வாரமான ஸ்டோவாவின் பெயரே அவர் வழி வந்தவர்களுக்கு ஆயிற்று. நம் வசத்தில் இல்லாதவற்றால் மனம் குலையக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. இன்றைய ஆங்கிலத்தில் வலியை முறையிடாமல் தாங்குபவர் என்று பொருள். ஆனால் இச்சொல் மௌனத்தை அவர் தேர்ந்தெடுத்த நெறியாக்கிவிடுகிறது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் வெளியேற்றப்பட்டவருக்கு, தேர்ந்தெடுக்க என்ன மிச்சமிருந்தது? அவர் தாங்கிக்கொண்டாரா, பேச முடியாமல் போனாரா, அல்லது யாரும் கேட்கவில்லையா என்பது உங்களுக்கே தெரியாதபோது அவருக்குத் தத்துவஞானியின் பட்டத்தைக் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

அந்த இடத்தில் ரெட்டிசென்ட் என்று எழுதுங்கள். டாசிடர்ன் என்பவர் எதைப் பற்றியும் அதிகம் பேசாதவர். ரெட்டிசென்ட் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பொருளோடு சேர்ந்து வரும், கேட்டோ மேனர் வீட்டைப் பற்றி ரெட்டிசென்ட் என்பதுபோல. பொதுவாக ஒரே சொல்தான் வேண்டுமென்றால் ரிசர்வ்ட். எதையோ எடுத்து வைத்திருக்கிறார், ஆகவே உள்ளே இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. நாம் சொல்லும் ‘அழுத்தக்காரர்’ இதற்கு அருகில் வரும், ஆனால் அதில் கள்ளம் இருக்குமோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அடக்கமானவர்’ என்றால் பணிவு முன்னால் வந்துவிடும்.

அலூஃபை அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிறுவயதில் உங்களுக்கு அவர் அப்படித் தெரிந்திருந்தால், ‘எனக்கு அப்படித் தோன்றினார்’ என்று உங்கள் பெயரில் எழுதுங்கள், அது உண்மைதானே. அக்காவுக்கு அவர் எப்படித் தெரிந்தார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.