அந்த ரேம் அந்தப் போர்டில் ஏறாது, அக்கா

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்ட ஆசைப்படுகிறான். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், 2,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) எல்லாவற்றையும் வாங்கித் தருவதாகச் சொல்லி 500 வெள்ளி முன்பணம் கேட்கிறார். அவர் அனுப்பிய லிஸ்ட்: இன்டெல் கோர் ஐ5 12400எஃப் புராசசர் (கணினியின் மூளை), எச்610 டி4 மதர்போர்டு (எல்லாப் பாகமும் பூட்டும் பலகை), 8 ஜிபி டிடிஆர்5 ரேம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பகம்), 600 வாட் பவர் சப்ளை, கேஸ். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம். "எல்லாம் ஒன்றோடொன்று சேருமா? பாயான் லெப்பாஸ் பெக்டரியில் 18 வருஷம் சிப் டெஸ்டிங் பார்த்தவள் நான். எனக்கே இது புரியவில்லை" என்கிறார்.

சேராது, அக்கா. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது ரேம். 12400 போன்ற இன்டெலின் 12ஆம் தலைமுறை புராசசர் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகையையும் ஏற்கும். ஆனால் போர்டு பெரும்பாலும் ஒன்றைத்தான் ஏற்கும். பெயரில் இருக்கும் 'டி4' என்பது டிடிஆர்4 மட்டும் என்று அர்த்தம். இரண்டு ரேமிலும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், நடுவிலிருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். ஒன்று ரேமை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் போர்டை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, புராசசர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்'. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு அடுத்த வருஷம்தான் என்றால், இந்த வருஷம் முழுக்கத் திரையில் ஒன்றும் வராது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். பையன் தான்தான் ஏதோ தப்பாகப் பூட்டிவிட்டோம் என்று நொந்துபோவான். எஃப் இல்லாத 12400 வாங்குங்கள். கொஞ்சம் கூட ஆகும், ஆனால் கார்டு வாங்கும் வரை ஓடும்.

எஸ்எஸ்டி, கேஸ் பற்றிக் கவலை வேண்டாம். எச்610 போர்டுகள் பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவுதான், சாதாரண கேஸில் அடங்கும்.

இப்போது ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் இதையெல்லாம் கேட்டதும் அந்த ஆள், "சரி, அதே விலைக்கு 14ஆம் தலைமுறை போட்டுத் தருகிறேன், சாக்கெட் ஒன்றுதான்" என்பார். சாக்கெட், அதாவது புராசசர் உட்காரும் இடம், ஒன்றுதான், அது உண்மை. 12, 13, 14ஆம் தலைமுறை மூன்றுக்கும் எல்ஜிஏ1700 என்ற சாக்கெட்தான். ஆனால் எச்610 போர்டு வந்தது 2022 தொடக்கத்தில். ஐ5 14400 வந்தது 2024 ஜனவரியில். இடையில் தயாராகி கடை அலமாரியில் கிடந்த போர்டுக்கு இந்தப் புராசசரை அடையாளமே தெரியாது. பூட்டினால் பொருந்தும், சுவிட்சைப் போட்டால் எழாது. போர்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்தால்தான் எழும். அதைப் புதுப்பிக்க வேலை செய்கிற ஒரு பழைய புராசசர் வேண்டும், வீட்டில் அது ஏது? பென்டிரைவை மட்டும் செருகிப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு, மலிவான எச்610இல் பெரும்பாலும் இருக்காது. ஆகவே 14ஆம் தலைமுறை என்றால், கடையிலேயே பயோஸை ஏற்றி, உங்கள் கண்முன்னால் திரையில் எழுத்து வரும்படி காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் '14ஆம் தலைமுறைக்குத் தயார்' என்ற ஸ்டிக்கர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. 12400 என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பவர் சப்ளை விஷயத்தில்தான். லிஸ்ட்டில் புராசசருக்கும் போர்டுக்குமாவது பெயர் இருக்கிறது, இதற்கு '600 வாட்' என்று வெறும் ஓர் எண். இடைத்தரகர் லாபம் பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். புராசசருக்கும் கார்டுக்கும் போவது அந்த 12 வோல்ட்தான். நியாயமான 550 வாட் சப்ளையில் 45 ஆம்பியர் இருக்கும். மட்டமான சப்ளை செத்தால் தனியாகச் சாகாது, சில சமயம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். நம் ஊர் இடி மின்னலுக்கு இது விளையாட்டில்லை. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள சப்ளை என்றால், வேறு சப்ளையின் ஒயரை அதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறு. அப்படி மாட்டி ஒரு ஹார்ட் டிஸ்க் கருகியதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

அப்புறம், 'டிரே' புராசசரா, 'பாக்ஸ்' புராசசரா என்று கேளுங்கள். டிரே என்றால் பெட்டியும் விசிறியும் வராது, உத்தரவாதம் விற்றவர் வாயில் மட்டும்தான்.

போர்டை வாங்கும்போது கவுன்டரிலேயே சாக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, கைப்பேசி வெளிச்சத்தில் பின்கள் நேராக இருக்கின்றனவா என்று மகன் பார்க்கட்டும், ஒரு படமும் எடுக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் ஒரு பின் வளைந்திருந்தால் பழி நம்மேல்தான். கடைக்காரர் விநியோகஸ்தரைக் கைகாட்டுவார், விநியோகஸ்தர் கடையைக் கைகாட்டுவார். மூன்று வாரம், ஐந்து வாரம் என்று அலைய விடுவார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரை கோரலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கடையிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? ஆனால் அங்கே போக ரசீது வேண்டும், அதில் கடையின் பெயர் வேண்டும். இடைத்தரகர் கையில் கொடுத்த காசுக்கு ரசீது கிடையாது.

அதனால் அந்த 500 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள். மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை மூன்றின் முழு மாடல் பெயரையும் வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாடலைத் திறந்து, ஆதரிக்கும் புராசசர் பட்டியலில் 12400 இருக்கிறதா, ரேம் டிடிஆர்4 என்று போட்டிருக்கிறதா என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. தராவிட்டால் திருத்திய லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு கடை ஏறி, கடைப் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். பழைய மானிட்டரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதன் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். நீல நிற விஜிஏ மட்டும்தான் என்றால், போர்டிலும் விஜிஏ இருப்பதாகக் கேட்டு வாங்க வேண்டும்.