படத்துக்கு எப்படி விளக்கு போடுவது: மலை வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி (குன்னூர்): ஹாலில் பெரிய தஞ்சாவூர் ஓவியம் இருக்கிறது. ஸ்பாட் லைட் போட்டால் கண்ணாடியில் பல்புதான் தெரிகிறது, சாமி முகம் தெரியவில்லை.

பதில்: விளக்கு படத்துக்கு நேர் எதிரே இருக்கும், அதுதான் காரணம். மேலிருந்து சாய்வாக, செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரியில் வெளிச்சம் விழ வேண்டும். கூரை 9 அடி, படத்தின் நடுப்பகுதி 5 அடி உயரம் என்றால் விளக்கு சுவரிலிருந்து 2¼ அடி தள்ளி வரும். ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒருவரை ஸ்டூலில் ஏற்றி அந்த இடத்தில் டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து பாருங்கள், கூசினால் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். ரொம்பவும் சுவரை ஒட்டிப் போனால் சட்டத்தின் நிழல் கிரீடத்தின் மேல் விழும். சரியான சாய்வு கிடைத்தால் தங்க ரேக்கின் புடைப்பும் கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும், அதைப் பார்க்கத்தானே மாட்டினோம்! பல்பு 2700 அல்லது 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை) வாங்குங்கள். 6500 வெள்ளையில் தங்கம் வெளிறித் தெரியும். அப்புறம் பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு, 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தால் சிவப்பு மங்கிவிடும்.

கேள்வி (கோத்தகிரி): நீலகிரிப் பழங்குடிகளின் குறும்பர் ஓவியம் ஒன்றும் தோடர் பூ வேலைச் சால்வை ஒன்றும் ஜன்னல் பக்கம் மாட்டியிருக்கிறேன். விளக்கு வைக்கலாமா?

பதில்: முதலில் இரண்டையும் ஜன்னலை விட்டு நகர்த்துங்கள் அக்கா. மலை உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். குறும்பர் ஓவியத்தின் இலைச்சாறு, பிசின் நிறங்கள் ஒருமுறை வெளுத்தால் திரும்ப வராது. அருங்காட்சியகங்களில் துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ்தான் (படத்தின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வைப்பார்கள், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். சிறிய எல்இடி, வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரோடு போதும், ஆள் இருக்கும்போது மட்டும் எரியட்டும்.

கேள்வி (கொடைக்கானல்): மழைக்காலத்தில் படத்தின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கிறது. சூடான ஹாலஜன் போட்டால் காயுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முன்பக்கம் சுட்டு, அணைத்ததும் குளிர்ந்து, மறுபடி ஈரம் இழுத்து, வண்ணம் வெடிக்கும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள், சட்டத்தின் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டி, பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள்.

கேள்வி (ஊட்டி): வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது.

பதில்: சட்டத்தின் மேலேயே மாட்டும் சார்ஜ் விளக்கு கிடைக்கிறது. சட்டமும் ஆணியும் கூடுதல் கனத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.