2147483647 பகா எண்தானா, அதில் என்ன விசேஷம்?

பகா எண்தான். 2³¹ − 1 என்று எழுதினால் இது மெர்சென் வகை (2ⁿ − 1 வடிவில் உள்ள பகா எண்) என்பது தெரியும். 1772-லேயே கணிதவியலர் ஆய்லர் இதை நிரூபித்துவிட்டார், அதுவும் கணினி இல்லாமல்.

எப்படி என்பதுதான் சுவாரசியம். சாதாரண வழியில் போனால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை உள்ள நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (ஒற்றைப்படைப் பகா எண் p எப்போதும் 2ᵖ⁻¹ − 1-ஐ வகுக்கும் என்பது அது) p−1 என்பது 31-ஆல் வகுபட்டாக வேண்டும், p ஒற்றைப்படை என்பதால் 62-ஆலும் வகுபடும். அப்புறம், p-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் (இது இருபடி எச்சங்கள் என்ற எண் கோட்பாட்டுக் கருத்திலிருந்து வருவது, இங்கே விரிக்கவில்லை). இரண்டையும் சேர்த்தால் p-க்கு 248k+1, 248k+63 என்ற இரண்டே வடிவங்கள். 46340-க்குள் அப்படி 373 எண்கள்தான். 63 மாதிரி பகு எண்களைக் கழித்தால் இன்னும் குறையும். மிச்சத்தில் எதுவுமே வகுக்கவில்லை, வேலை முடிந்தது!

இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் (தன்னைத் தவிர மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும். கணினியில் 32 பிட் குறியுள்ள (+/−) முழு எண்ணின் உச்ச வரம்பும் 2147483647-தான், ஆனால் அதற்கும் பகாத்தன்மைக்கும் சம்பந்தமில்லை: 16 பிட்டுக்கான அதே வரம்பு 2¹⁵ − 1 = 32767, அது ஏழால் வகுபடும்.