மழை வந்தால் நின்றுபோகும் வேன்

கேள்வி: வாழைத்தார் ஏற்றும் டீசல் வேன் வைத்திருக்கிறேன். மழையில் ஓடும்போதே என்ஜின் அணைகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான இசிஎம் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பழையது வாங்கிப் போடலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மழையில் மட்டும்தான் வருகிறது என்றால் முதல் சந்தேகம் ஒயரிங் மேல்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இசிஎம் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவைத்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். வாழைத்தாரில் வடியும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்றும் பாருங்கள். எர்த் ஒயர் சேஸிஸில் சேரும் இடத்தில் துரு இருக்கிறதா? ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே சென்சார்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் லைன் விழுந்து, நான்கைந்து கோளாறு ஒன்றாகக் காட்டும், அதை வைத்து இசிஎம்மைக் குறை சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். பழையது வாங்கினால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் சாவியோடு சேர்த்து கோடிங் செய்யாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது, அப்புறம் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கோட் எண்களையும் அதில் ஏற்ற வேண்டியிருக்கும். இதைச் செய்துதர முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.