ரிக் மெடிக் வேலைக்கு மகனை அனுப்பலாமா? கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, வணக்கம்.

போன வாரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து, "பையன் கடல்ல ரிக்குல வேலைக்குப் போறேங்கிறான். ரிக்குன்னா நம்மூருக்கு வர்ற திருச்செங்கோட்டு போர் வண்டிதானுங்களே, அதுக்கு எதுக்கு நர்ஸ்?" என்று கேட்டீர்கள். வேலை ஆலோசனை கேட்க வெளியே கூட்டம் காத்திருந்ததால் பாதிப் பேச்சில் அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் நினைத்தது சரிதான். போர் வண்டி செய்கிற வேலையைத்தான் அங்கேயும் செய்கிறார்கள். குழாயோடு குழாயை முறுக்கி இறக்கி, இறக்கித் துளைக்கிறார்கள். நம் தோட்டத்தில் ஆயிரம் அடியில் தண்ணீர் வருமா என்று பார்க்கிறோம். அங்கே கடலடித் தரையைத் துளைத்து, கிலோமீட்டர் கணக்கில் கீழே போய் எண்ணெயும் எரிவாயுவும் தேடுகிறார்கள். மும்பை ஹை என்ற எண்ணெய் வயலை 1974-ல் கண்டுபிடித்தார்கள். அது கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரிக்கில் நூறு பேர் அளவுக்கு அங்கேயே தங்கி, 12 மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறார்கள். யாருக்காவது அடிபட்டால் 108-ஐக் கூப்பிட வழியில்லை. அதற்காகத்தான் மெடிக் என்று, மருத்துவ உதவி பார்க்க ஒருவரை வைக்கிறார்கள்.

பெரும்பாலான நாட்களில் அந்த வேலை பரபரப்பாக இருக்காது. வேலந்தாவளம் பக்கத்துப் பையன் ஒருவன் சில வருடம் முன்பு என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டு இதே வேலைக்குப் போனான். காலையில் எழுந்ததும் குடிநீரில் குளோரின் பார்ப்பது, சமையலறைக் குளிர்பெட்டியில் எத்தனை டிகிரி என்று குறித்துவைப்பது, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது, இவைதான் அவனுக்குத் தினசரி வேலை. நோயாளி என்று வருகிறவர்களில் பலர் பல்வலி, முதுகுவலி, கிரைண்டிங் தூசி விழுந்த கண், வெயிலில் சுருண்டு விழுந்தது, இப்படித்தான். பல ரிக்குகளில் மெடிக்கே பாதுகாப்பு வேலையிலும் பாதியைப் பார்க்க வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டி ஆபத்தைச் சொல்வது, ஸ்ட்ரெச்சர் ஒத்திகை நடத்துவது, ஹைட்ரஜன் சல்பைடு வாயு பற்றி எச்சரிப்பது எல்லாம் அதில் வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று எவனும் நம்பி நிற்காமல் பார்த்துக்கொள்வது மெடிக்கின் பொறுப்பு.

அப்புறம் ஒரு ராத்திரி. கிரேன் ஓட்டுகிற ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மணி இரண்டு. அந்த வேலந்தாவளம் பையன் இசிஜி எடுத்துக் கரையிலிருக்கும் டாக்டருக்கு அனுப்பி, அவர் போனில் சொல்லச் சொல்ல மருந்து கொடுத்திருக்கிறான். விடியாமல் ஹெலிகாப்டர் வராது என்று சொல்லிவிட்டார்கள். நாலு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்து எழுதியிருக்கிறான். அந்தத் தாளை ஒருநாள் என்னிடம் காட்டினான். முதல் நாலைந்து வரியில் கையெழுத்து நடுங்கியிருந்தது. பிறகு நேராகிவிட்டது. "கேஷுவாலிட்டியில மூணு வருஷம் நைட் டியூட்டி பார்த்திருக்காட்டி எனக்கே நெஞ்சு நின்னிருக்கும்" என்றான். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவதும் அதுதான் அக்கா. கடலை நினைத்துப் பயப்படுவதைவிட, அனுபவமில்லாமல் உங்கள் பையன் அங்கே போய் நிற்பதை நினைத்துப் பயப்படுங்கள். நர்சிங் நாலாம் வருடத்தில் இருக்கிறான். முதலில் படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதியட்டும். பிறகு இரண்டு மூன்று வருடம் கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ கூட்டம் அலைமோதுகிற கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கட்டும், இல்லாவிட்டால் ஐசியூவில். கேரளத்தில் 108 ஆம்புலன்சில் நர்சிங் படித்தவர்களையே எடுக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் தனியாக முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வந்துவிடும். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காக்கும் முதலுதவி, இதய அவசர சிகிச்சைச் சான்றிதழ்களை அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, மறைக்க மாட்டேன். 2005 ஜூலையில், மழைக்கால அலையில், மும்பை ஹை பக்கம் நின்ற ஒரு கப்பலில் சமையல்காரருக்கு விரல் நுனி வெட்டுப்பட்டது. ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. அவரைக் கிரேன் கூடையில் வைத்து எண்ணெய் மேடைக்கு ஏற்றினார்கள். அதன்பின் அந்தக் கப்பல் கட்டுப்பாடு தவறி மேடையின் வாயுக் குழாயில் மோதியது. தீ பிடித்து மேடையே அழிந்து 22 பேர் இறந்தார்கள். 362 பேரைக் காப்பாற்றினார்கள். ஒரு விரல் காயம். ஆளை இப்போதே அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்ற முடிவு கடலில் எவ்வளவு கனமானது என்று நினைத்துப் பாருங்கள்.

ஹெலிகாப்டரும் விழுந்திருக்கிறது. 2022 ஜூனில் மும்பைக் கடலில் விழுந்ததில் 9 பேரில் 4 பேர் போய்விட்டார்கள், 5 பேர் பிழைத்தார்கள். அதனால்தான் போசியட் என்ற, கடலில் உயிர் தப்பும் பயிற்சி இல்லாமல் பல கம்பெனிகள் ரிக்குக்கு ஏற்றுவதில்லை. நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தண்ணீருக்குள் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். ஒரு கை ஜன்னலில், இன்னொரு கை பெல்ட் கொக்கியில். கூண்டு சுற்றி நிற்கும்வரை பொறுத்து, ஜன்னலைத் தள்ளி, அதற்கப்புறம்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முந்திக் கழற்றினால் திசை தெரியாமல் உள்ளேயே மிதப்பான். சின்ன வயதிலிருந்து தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பழகிய பையன், தண்ணீர்ப் பயம் இருக்காது. ஆனால் அந்தச் சான்றிதழ் 4 வருடத்துக்குத்தான் செல்லும். இப்போதே வாங்கினால், அனுபவம் சேர்ந்து வேலை கிடைக்கிற நேரத்தில் காலாவதியாகி நிற்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். மூன்று மாதத்தில் 'ஆஃப்ஷோர் சேஃப்டி பாராமெடிக்' ஆக்கி வேலையும் வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் இரண்டரை லட்சம் கேட்பதாகவும், அதற்காக நகையை அடகு வைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். வைக்காதீர்கள். மூன்று மாதப் பயிற்சியை நம்பி நூறு பேர் உயிரை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டிய குடும்பம் ஒன்று என்னிடம் வந்து அழுதது. பையன் கையில் பளபளவென்று ஒரு அட்டைதான் மிஞ்சியது. வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குண்டான ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் இரண்டும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அரசு அமைப்புகள். அவற்றின் அறிவிப்புகளைத் தம்பியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சம்பளம் பல இடங்களில் நாள் கணக்குதான். 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில். சில இடங்களில் 14-க்கு 14. வீட்டிலிருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்த பிறகே வீட்டுக் கடன் பேச வேண்டும். கடல் வேலைக்காரனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் கிடைக்குமா என்ற உங்கள் கவலைக்கும் இந்தக் கணக்கே பதில். நம் பக்கத்தில் கல்ஃப் போனவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதானே வருகிறார்கள்? இவன் வருடத்தில் பாதி நாள் உங்கள் கையால் சாப்பிடுவான்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் என்பதும் ஒரு தடையில்லை. தமிழும் மலையாளமும் வீட்டிலேயே வந்துவிட்டது. நடுராத்திரியில் டாக்டரிடம் பேசுகிற ஆங்கிலமும், வேலையாட்களிடம் பேச இந்தியும் பழக வேண்டும். நோயாளியின் நிலையை ஒரே நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்றாவது தினமும் சொல்லட்டும்.

அடுத்த சனிக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நிறுவனம் கொடுத்த தாளையும் கொண்டுவாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து படிப்போம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.