விஎம் உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் கேவிஎம் (லினக்ஸிலேயே இருக்கும் விர்ச்சுவலைசேஷன் வசதி) வைத்து விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்) ஓட்டுகிறேன். ஒரு விஎம்முக்குள் பிஎஸ்யூடில் (சிபியு, மெமரி அளவுகளைத் தரும் பைத்தான் லைப்ரரி) கொண்டு எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், 8 ஜிபியில் 2.5 ஜிபிதான் செலவாகிறது என்கிறது. ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வரில்) பார்த்தால் அதே விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யு புராசஸ் கிட்டத்தட்ட 8 ஜிபியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எது பொய்?

பதில்: எதுவும் பொய் இல்லை. விஎம் ஒரு மெமரி பக்கத்தை முதல்முறை தொடும்போதுதான் ஹோஸ்ட் அதற்கு நிஜ ராம் ஒதுக்குகிறது. பிறகு உள்ளே இருக்கும் லினக்ஸ் அந்தப் பக்கத்தை விடுவித்தாலும் அந்தச் செய்தி ஹோஸ்டுக்குத் தானாகப் போய்ச் சேராது, பலூன் டிரைவர் (விஎம்முக்குள் இருந்துகொண்டு மெமரி பற்றி ஹோஸ்டுடன் பேசும் டிரைவர்) மாதிரி ஏதாவது ஒன்று எடுத்துச் சொன்னால்தான் உண்டு. இதற்கு மேல், உள்ளே இருக்கும் லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமையெல்லாம் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை ராமில் வைத்திருக்க) எடுத்துக்கொள்ளும். ஆக, நாலு நாள் ஓடிய விஎம் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தால் முழுசாக நிரம்பியதாகத்தான் தெரியும். அப்ளிகேஷனுக்கு மெமரி போதுமா என்று தெரிய வேண்டுமானால் உள்கணக்கைப் பாருங்கள், இந்த ஹோஸ்டில் இன்னொரு விஎம் ஏற்றலாமா என்று தெரிய வேண்டுமானால் வெளிக்கணக்கைப் பாருங்கள். இரண்டையும் ஒரே கிராஃபில் ஒரே பெயரில் போட்டு வைப்பதுதான் வம்பு.

உள்ளே எதையும் நிறுவாமல் ஹோஸ்டிலிருந்தே உள்கணக்கை எடுக்கவும் வழி இருக்கிறது. லிப்வர்ட் என்பது ஹோஸ்டிலிருந்து விஎம்களை நிர்வகிக்கும் லைப்ரரி. அதைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் பைண்டிங்கில் 'மெமரி ஸ்டாட்ஸ்' என்ற அழைப்பு ஒரு டிக்‌ஷனரி தரும், மெமரி அளவுகள் எல்லாம் கிபிபைட்டில். அதில் ஒரு பெரிய பொறி: அங்கே 'அவைலபிள்' என்றால் விஎம்முக்குத் தெரியும் மொத்த மெமரி. பிஎஸ்யூடிலில் அதே பெயரில் வருவதோ, ஸ்வாப்புக்குப் போகாமல் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்ற மதிப்பீடு. லிப்வர்ட்டில் அதற்கு இணையானது 'யூசபிள்'. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி இரண்டையும் ஒப்பிட்டால், மெமரி நிறைய காலி என்று ஸ்கிரிப்ட் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சிலருக்கு அந்த டிக்‌ஷனரியில் இரண்டு மூன்று எண் மட்டும்தான் வரும், அல்லது வந்த எண் அசையாமல் நிற்கும். பலூன் டிரைவரிடம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை கணக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'செட் மெமரி ஸ்டாட்ஸ் பீரியட்' மூலம் 10 விநாடி என்று வையுங்கள். இதற்கு எழுதும் உரிமையுள்ள இணைப்பு தேவை, 'ஓப்பன் ரீட் ஒன்லி'யில் திறந்தால் நடக்காது. அதை ஒருமுறை கையால் செய்துவிட்டு (விஎம்மின் எக்ஸ்எம்எல்லிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது), தினசரி ஓடும் ஸ்கிரிப்டை ரீட் ஒன்லியாகவே விடுங்கள். கண்காணிக்க வந்த ஸ்கிரிப்டுக்கு விஎம்மை அணைக்கும் அதிகாரம் எதற்கு?

கேள்வி: நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் லினக்ஸ் கருவி) ஓடும் என் ஸ்கிரிப்டில் சிபியு எப்போதும் 0.0 என்றே பதிவாகிறது.

பதில்: பிஎஸ்யூடிலின் 'சிபியு பெர்சென்ட்' என்பதை இடைவெளி எதுவும் கொடுக்காமல் அழைத்தால், போன முறை அழைத்ததிலிருந்து இப்போது வரைக்குமான கணக்கைத் தரும். முதல் அழைப்புக்கு முன் எதுவும் இல்லை, அதனால் 0.0. கிரான் ஒவ்வொரு நிமிடமும் புதிய புராசஸைத் தொடங்குவதால் உங்களுக்கு எல்லா அழைப்பும் முதல் அழைப்புதான். இன்டர்வலுக்கு 1 என்று கொடுங்கள், ஒரு விநாடி காத்திருந்து சரியான எண்ணைத் தரும்.

கேள்வி: லிப்வர்ட் சிபியு டைம் என்று ஏதோ பிரம்மாண்டமான எண்ணைத் தருகிறது. இதைச் சதவீதமாக்குவது எப்படி? சில நேரம் கிராஃபில் மைனஸ் எண்ணும் வருகிறது.

பதில்: அது விஎம் தொடங்கியதிலிருந்து செலவான சிபியு நேரம், நானோ விநாடியில். ஒற்றை அளவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு அளவு எடுத்துக் கழிக்க வேண்டும். 4 விசிபியு (விஎம்முக்குக் கொடுத்த விர்ச்சுவல் சிபியு) உள்ள விஎம்மில் 10 விநாடி இடைவெளியில் அந்த எண் 1,200 கோடி கூடியிருந்தால் 12 விநாடி சிபியு நேரம் போயிருக்கிறது. கிடைக்கக்கூடியது 40 விநாடி. ஆக 30 சதவீதம். விசிபியு எண்ணிக்கையால் வகுக்க மறந்தால் 120 சதவீதம் என்று வந்து நிற்கும். இடைவெளியை அளக்க 'டைம்.மோனோடானிக்' பயன்படுத்துங்கள், சாதாரணக் கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் சேவை) நடுவில் நகர்த்திவிட்டால் கணக்கு கெடும்.

மைனஸ் வருவது விஎம் அணைந்து மறுபடி தொடங்கியபோது. எண்ணி வந்தது சுழியிலிருந்து ஆரம்பித்திருக்கும். அந்த ஒரு அளவை எறிந்துவிடுங்கள், மைனஸை நீக்கிவிட்டு அதையே எழுதி வைக்காதீர்கள். பதிவுகளை விஎம்மின் யூயூஐடி (மாறாத தனி அடையாளம்) பெயரில் சேமியுங்கள், ஏனென்றால் லிப்வர்ட் தரும் ஐடி எண் விஎம் தொடங்கும்போதெல்லாம் புதிதாக வழங்கப்படுவது. அப்புறம், பிழையைப் பிடிக்கும் ட்ரை எக்ஸெப்ட், விஎம்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப்புக்கு உள்ளே இருக்கட்டும். பட்டியல் எடுத்த நொடிக்கும் அளவு கேட்கும் நொடிக்கும் நடுவில் ஒரு விஎம் அணைந்துபோனால், அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றின் அளவும் விட்டுப்போகக் கூடாது.

கேள்வி: விஎம்முக்குள் சிபியு 40 சதவீதம்தான், மெமரியும் இருக்கிறது, ஆனாலும் அப்ளிகேஷன் இழுக்கிறது. ஸ்கிரிப்டில் என்ன விட்டுப்போயிற்று?

பதில்: ஸ்டீல் டைம். விஎம் ஓடத் தயாராக நின்றும் ஹோஸ்ட் அதற்கு நிஜ சிபியு தராமல் காக்க வைத்த நேரம் அது. பிஎஸ்யூடிலின் 'சிபியு டைம்ஸ் பெர்சென்ட்' தரும் பதிலில் 'ஸ்டீல்' என்றே ஒரு புலம் உண்டு, லினக்ஸில் மட்டும். ஒன்றிரண்டு சதவீதம் எட்டிப்பார்த்துப் போனால் விடுங்கள். மணிக்கணக்காக 10க்கு மேல் நின்றால் ஹோஸ்டில் விஎம்களை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உங்கள் நிரலை எத்தனை முறை திருத்தினாலும் அது தீராது. விஎம்வேரில் இதை உள்ளிருந்து நம்பிப் பார்க்க முடியாது, பைவிமோமி (விஎம்வேருக்கான பைத்தான் லைப்ரரி) வழியாக, இதே காத்திருப்பைச் சொல்லும் 'சிபியு ரெடி' எடுங்கள். அது மில்லி விநாடியில் வரும், உடனடி அளவு என்றால் 20 விநாடிக்கான கூட்டுத்தொகை. ஒரு விசிபியுவுக்கு 2,000 என்று வந்தால் 10 சதவீதம். இதே எண்ணைச் சதவீதம் என்று நினைத்து அலறுபவர்கள் நிறைய.

ஸ்டீலும் சுழியாக இருந்தால் அடுத்து 'ஐஓவெயிட்' (டிஸ்க் பதிலுக்காகச் சிபியு சும்மா காத்திருந்த நேரம்) பாருங்கள், டிஸ்க் பக்கம் பிரச்சினை இருக்கலாம்.

கேள்வி: சிபியு 90 தாண்டினால் மெயில் அனுப்பும்படி வைத்தேன். இரவெல்லாம் மெயில்.

பதில்: பேக்கப் ஓடும் நேரம் 90 என்பது நல்ல செய்தி, கொடுத்த சிபியுவை உருப்படியாகப் பயன்படுத்துகிறது. தொடர்ந்து 10 நிமிடம் தாண்டி நின்றால் மட்டும் ஒரு மெயில், பிறகு 80க்குக் கீழே இறங்கும் வரை அடுத்தது கிடையாது என்று வையுங்கள். ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒன்றாக இருந்தால் 89, 91, 89 என்று ஆடிக்கொண்டே உங்களை எழுப்பும். டிஸ்க் நிரம்புவது வேறு கதை, அங்கே மெயில் சீக்கிரம் வரட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஸ்கிரிப்டே செத்துப்போனால் மெயில் வராது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஒரு ஃபைலின் நேரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி, அந்த ஃபைல் 5 நிமிடத்துக்கு மேல் பழசானால் இன்னொரு மெஷினிலிருந்து குரல் வரும்படி செய்யுங்கள். அதே ஹோஸ்டில் ஓடும் விஎம் அந்த இன்னொரு மெஷினாக இருக்கக் கூடாது.